நசுங்கலையும் சேர்த்துச் செய்த கோப்பை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தரை வழியாக மேலே வந்தது.

பிட்காரியில் நெட்டா ரெட்டி வீட்டு மாடியில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். அவள் சமையலறையின் கூரைதான் என் அறையின் தரை. இடையில் இருப்பது வெறும் பலகை. அவளுடைய அக்கா வில்மா காது கேட்கும் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவள், காதில் மாட்டுவதில்லை. அதனால் இரண்டு பேரும் கத்தித்தான் பேசுவார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஆற்றுநீர்ப் பரிசோதனை அறிக்கை எழுதும்போதும் கதை வந்து காலடியில் உட்கார்ந்துகொள்ளும்.

(ரெட்டி என்றதும் நெல்லூர்ப் பக்கம் போய்விட வேண்டாம். ஸ்காட்லாந்தின் இந்த மூலையில் அது உழவர்களின் பெயர். மாற்றிவிடலாமா என்று நெட்டாவிடமே கேட்டேன். "என் புருஷன் பேரை மாத்த நீ யாரு?" என்றாள். சரி.)

எழுதலாமா என்று கேட்டபோது அதிகம் யோசிக்கவில்லை. "உங்க எழுத்துலதானே எழுதுவ? தாராளமா எழுது. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் புரியாது, சண்டையும் வராது. என்னைக் கொஞ்சம் உயரமா எழுது."

நெட்டா உயரமானவள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிட்காரி தேவாலயத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை வழங்கப்பட்டது. அதன் வாய்—" அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டை போல் இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "மூடுபனி போர்த்திய அந்த அக்டோபர் காலையில்—" அன்று மூடுபனி இல்லை. மழை. அதுவும் பக்கவாட்டில் அடிக்கும் மழை.

மூன்றாவது: "வில்மாவுக்கும் நெட்டாவுக்கும் சண்டையே கிடையாது." இது உண்மை. ஆகவே இங்கிருந்து போகலாம்.

வில்மாவுக்கும் நெட்டாவுக்கும் சண்டையே கிடையாது. தினமும் தொலைபேசியில் பேசுவார்கள். கோழி, முழங்கால், உருளைக்கிழங்கில் வந்த நோய், பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய திரைச்சீலையின் நிறம், எல்லாம். ஆனால் வசந்தத்தில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை தேவாலயத்தில் ரொட்டியும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நடக்கிற ஞாயிறுகளில் மட்டும் வில்மா வடக்குப் பக்கப் பெஞ்சிலும் நெட்டா தெற்குப் பக்கப் பெஞ்சிலும் உட்காருவார்கள். நடுவில் ஒரு பாதை. நாற்பது வருடத்துக்கு மேலாக இருவரும் அந்தப் பாதையைத் தாண்டியதில்லை.

காரணம், இரண்டு கோப்பைகள்.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போனால் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கும். சுருக்கமாகவே சொல்கிறேன்.)

முதலில் கோப்பை ஒன்றுதான் இருந்தது. ஒரு காலத்தில் சண்டைக்கு வந்த சிப்பாய் ஒருவன் அதைக் கல்தரையில் போட்டுவிட, வயிற்றுப் பக்கம் ஒரு நசுங்கல். ஊர் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

பிறகு, சுமார் நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதிப் பேர் தேவாலயத்தை விட்டு எழுந்து வெளியே போனார்கள். போதகரை நியமிப்பது பண்ணையாரா ஜனங்களா என்பது வழக்கு. எழுந்தவர்கள் தொப்பியையும் குடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். கோப்பை உள்ளேயே இருந்துவிட்டது.

வெளியே போனவர்கள் ஒரு தானியக் கொட்டகையில் ஆராதனை நடத்தினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அபர்டீனில் ஒரு வெள்ளிக் கொல்லரிடம் போனார்கள்.

"எப்படி வேணும்?"

"உள்ள இருக்கிற மாதிரியே. மயிரிழை மாறக்கூடாது."

"நசுங்கலுமா?"

கூடிப் பேசினார்கள். உண்மையான சபை நாம்தான் என்றால் உண்மையான கோப்பையும் நம்முடையதுதான். உண்மையான கோப்பையில் நசுங்கல் இருக்கிறது. எனவே—

"நசுங்கலும்தான்."

கொல்லர் புதுக் கோப்பையை அழகாகச் செய்து முடித்து, பிறகு சுத்தியலை எடுத்து நசுக்கினார். அதற்குத் தனிக் கூலி வாங்கினாராம்.*

பழைய கோப்பையில் ஊர்ப்பெயரும் வருடமும் செதுக்கியிருந்தார்கள். புதியதில் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். "யாருக்குச் சொல்லணுமோ அவருக்குத் தெரியும்" என்று மேலே கை காட்டினார்களாம்.

பின்னாளில் இரு தரப்பும் சமாதானமாகி ஒரே கட்டடத்துக்குத் திரும்பின. தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தெற்குப் பக்கம், வெயில் விழுகிற இடத்தில். வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வடக்கில், குளிரில். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் கோப்பை. துலக்குகிறவர்களும் தனித்தனி. தெற்கின் கோப்பை சிவப்புப் பையில் இருக்கும், வடக்கினுடையது நீலப் பையில். (வடகலை, தென்கலை என்று நினைத்துக்கொண்டால் பாதி சரி. நெற்றியில் ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான்.)

தெற்கின் கோப்பையில் இன்று எழுத்து ஏதும் தெரியாது. "அத்தனை பழசு, எழுத்தே தேஞ்சு போச்சு" என்று தெற்குக்குப் பெருமை. வடக்கின் கோப்பையிலும் எழுத்து இல்லை. "நாங்க எழுதவே இல்ல" என்று வடக்குக்குப் பெருமை. இரண்டும் மொட்டை. அடியில் இருந்த முத்திரைகளும் மேசையில் தேய்ந்து மழுங்கிவிட்டன. எது எது என்று சொல்ல, பையின் நிறத்தைத் தவிர வேறு வழியில்லை.

நெட்டா வடக்கில் பிறந்தவள். அவள் அப்பா வடக்கின் மூப்பர், நீலப் பைக் கோப்பையைப் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோனவர். அவள் கட்டிக்கொண்டது தெற்கத்தி சாண்டி ரெட்டியை. கல்யாணத்தன்று வில்மா சொன்னாள்: "அப்பா கோப்பையைக் குடுத்து டிராக்டர் வாங்கிட்டடி."

ரெட்டி வீட்டில் அப்போது டிராக்டர் இருந்தது. அதனால் அது இன்னும் வலித்தது.

* கூலி விஷயம் வடக்கில் சொல்லப்படுவதில்லை. தெற்கில் வாரம் ஒருமுறை சொல்லப்படுகிறது.

4

வில்மாவை முதல் வரைவில் வில்லியாக எழுதியிருந்தேன். மெல்லிய உதடு, கறுப்புக் கோட்டு. கோட்டு கறுப்புதான். ஆனால் சாண்டி இறந்த குளிர்காலம் முழுவதும் தினமும் ஒரு பானை சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "மிஞ்சிப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவளும் அவள்தான். வரைவைக் கிழித்துவிட்டேன்.

(இன்னொரு சங்கடம். அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் எழுதும்போது என் கை தானாக "அக்கா" என்று எழுதியது. அடித்துவிட்டேன். ஆனால் 'டி'யை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவர்கள் குரல் கேட்கவில்லை.)

சாண்டி போன பிறகு நெட்டா மறுபடி வடக்குக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. திரும்பிப் போனால் தெற்கு சிரிக்கும். வடக்கு அதைவிடச் சத்தமாகச் சிரிக்கும்.

அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. சபையில் ஆள் குறைந்துவிட்டது. கூரை ஒழுகுகிறது. காப்பீட்டுக்காரர்கள் பழைய வெள்ளியைப் பற்றி விதவிதமாகக் கேள்வி கேட்கிறார்கள். பழைய கோப்பையை நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு ஒரே கோப்பையைப் புழங்கினால் என்ன என்று மேலிடம் கேட்டது. மூப்பர் சபையின் செயலாளர் நெட்டா. கூட்டம் கூட்டினாள்.

போதகர் ஃபின்லே கெய்ர் சின்ன வயது, சமாதானப் பிரியர். "ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குவளை வாங்கிட்டா பிரச்சினையே இல்லையே?" என்றார்.

தெற்கின் ஆர்ச்சி மட்ச், உருளைக்கிழங்கு விவசாயி, எழுந்தே நின்றுவிட்டார். "இருமல் மருந்து குடிக்கவா சாமி தேவாலயத்துக்கு வர்றோம்?"

"அப்போ பழைய கோப்பையை..."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சா அது கோப்பையா? மீன் கடையில ஐஸ்ல படுத்திருக்குமே, அது மாதிரி. கண்ணு தொறந்திருக்கும், உசிர் இருக்காது."

நெட்டா சொன்னாள்: "ஆர்ச்சி, நாம எல்லாரும் சேர்ந்து உக்காந்தாலே ஒரு பக்கம் நிரம்பல. ஒரு கோப்பை போதும்."

தன் பக்கத்துக்கே விரோதமாகப் பேசினாள். தெற்கு அவளை முறைத்தது. வடக்கு முழுக்கக் கை தூக்கியது. தீர்மானம் நிறைவேறியது. தெற்கின் சிவப்புப் பைக் கோப்பை திங்கட்கிழமை வண்டியேறும். அதற்கு முந்தின நாள் ஞாயிறு, இரண்டு கோப்பைகளும் சேர்ந்து புழங்கும் கடைசித் திருவிருந்து.

நெட்டாவின் காரணம் காப்பீடு அல்ல. கூட்டத்துக்கு முன்பே வில்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அது என் தரை வழியாக வந்தது.

"எங்க கோப்பைதான் நிக்கும்னா நீ வந்து என் பக்கத்துல உக்காரு."

"சிரிப்பாங்களே."

"ஒரே கோப்பைனா எல்லாருந்தான் வந்தாகணும். எவன் சிரிப்பான்? வசந்தம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேணாம். இந்தத் தடவையே வா. நம்ம வயசுக்கு வசந்தம் ரொம்ப தூரம்."

நெட்டாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா கையிலிருந்து கோப்பையை வாங்கிக் குடிக்க வேண்டும்.

5

சனிக்கிழமை. வடக்கின் கோப்பையை வழக்கமாகத் துலக்குகிறவர் கோழிக்கூண்டின் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆகவே இரண்டையும் நெட்டாவே துலக்க வேண்டும். வில்மா நீலப் பையை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

"அழுத்தித் தேய்க்காத. வாய் விளிம்பை மட்டும் துடை, போதும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா? எங்களுதை எத்தனை வருஷமாத் துலக்கறேன்."

"உங்களுது உழவு மாடு, எதையும் தாங்கும். எங்களுது பொண்ணு."

"நூத்தியெண்பது வயசுப் பொண்ணு."

"முன்னூத்தம்பதைவிடச் சின்னவதானே?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வில்மா தேநீர் குடித்தாள், இரண்டு பிஸ்கட்டைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள், போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் அறிக்கைக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கூப்பிடும் குரல்.

"ஏய் பொண்ணே! கீழ வா! உன் விஞ்ஞானத்தையும் கொண்டு வா!"

நெட்டா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நீலப் பை காலியாகக் கிடந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கும்போது ஊதுவதுபோல, கோப்பையின் வயிற்றில் வாயைத் திறந்து ஊதினாள்.

வெள்ளி வெளுத்தது. அந்த வெளுப்புக்குள் எழுத்துகள் வந்தன. பிட்காரி என்ற பெயர். அதன்பின் 1652. நடுவில் ஒரு சொல் இருந்திருக்க வேண்டும்; அங்கே மட்டும், நசுங்கலுக்குக் கொஞ்சம் மேலே, முட்டை வடிவத்தில் ஓர் இடம் அடியோடு வழுவழுப்பாக இருந்தது. ஆவி போயிற்று, எழுத்தும் போயிற்று.

"இன்னொரு தடவை" என்றேன்.

ஊதினாள். வந்தது. போயிற்று.

சிவப்புப் பைக் கோப்பையையும் எடுத்து ஊதினாள். முழுக்க ஒரே சீராகப் பனி பிடித்தது. எழுத்து இல்லை. எத்தனை முறை ஊதினாலும் இல்லை.

(செதுக்கும்போது மேற்பரப்பு மட்டும் வெட்டுப்படுவதில்லை, அடியில் இருக்கும் உலோகமும் நெரிபடும். மேலே தேய்ந்தாலும் நெரிபட்ட இடத்தில் ஈரம் வேறு மாதிரி படியும். என் ஊகம் இது. சோதித்துப் பார்க்க யாரும் எனக்கு ஒரு கோப்பையைத் தரவில்லை.)

"மாறிப் போச்சு" என்றாள் நெட்டா.

மாறித்தான் போயிருந்தது. நீலப் பையில் இருந்தது பழைய கோப்பை, தெற்கினுடையது. சிவப்புப் பையில் இருந்தது கொல்லர் நசுக்கிக் கொடுத்த நகல், வடக்கினுடையது.*

நெட்டா முதலில் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்போ நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்பா கோப்பையிலதான் குடிச்சிருக்கேன்."

"ஆமாம்."

"போகாதவ வில்மா. அவ எதிராளி கோப்பையில குடிச்சிருக்கா."

"ஆமாம்."

"நீ ஆமாம் போடாத. பயமா இருக்கு."

திங்கட்கிழமை வருகிற அருங்காட்சியகத்துப் பெண்ணுக்கும் வாய் இருக்கிறது, ஊதத் தெரியும், அவளிடம் கருவிகளும் உண்டு என்றேன். எது பழையது என்று எப்படியும் தெரிந்துவிடும். அவள் சரியானதை எடுத்துப்போவாள், உங்கள் அப்பாவுடையது இங்கே நிற்கும், யாருக்கும் நஷ்டம் இல்லையே என்றேன்.

"உனக்கு வில்மாவைத் தெரியாது. தெற்குக் கோப்பையில குடிச்சது வெளிய தெரிஞ்சா தாங்க மாட்டா. ரொட்டிக் கடைக்காரன் ஒரு தடவை 'உங்க தங்கச்சி வீட்டுக்கா'ன்னு கேட்டுட்டான்னு அன்னிலேருந்து அடுத்த ஊருக்கு நடந்து போய் வாங்கறா. கேட்டவன் செத்தாச்சு. கடையைப் பேரன் நடத்தறான். இன்னும் நடக்கறா."

அதற்கு என்னிடம் விஞ்ஞானம் இல்லை.

* எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. உலகப்போர் சமயத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் நகரத்து வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே யாராவது பைகளைத் தோய்த்திருக்கலாம். நல்ல எண்ணத்தோடுதான் தோய்த்திருப்பார்கள்.

6

இங்கே மூன்று நாள் கதை நகரவில்லை. நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

முதல் முடிவில் நெட்டா அன்று மாலையே வில்மாவிடம் சொல்கிறாள். வில்மா கோட்டை மாட்டிக்கொண்டு— இல்லை. அந்த வீட்டுக் கதவு அதற்குப்பின் திறக்கவே திறக்காது. கதை அங்கேயே செத்துவிடும்.

இரண்டாவதில் நெட்டா வாயைத் திறக்கவில்லை. அருங்காட்சியகத்துப் பெண் கண்டுபிடிக்கிறாள். வில்மா எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: "துலக்கினது நீதானே?"

மூன்றாவதில் நான் கீழே போய் ஒரு யோசனை சொல்கிறேன், எல்லாம் சரியாகிறது. இதைக் கிழிக்க நேரமே ஆகவில்லை.

இடையில் வெள்ளியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். கண்ணாடிப் பெட்டியில் தொடாமல் வைத்த வெள்ளி காற்றிலிருக்கும் கந்தகத்தைப் பிடித்து மெல்லக் கறுக்கும். உதடும் துணியும் பட்டுக்கொண்டே இருக்கும் வெள்ளி கறுக்காது, தேயும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தேயாமலும் கறுக்காமலும் இருக்கிற வெள்ளியை நான் படித்த பாடத்தில் பார்க்கவில்லை.

உண்மையில் நடந்தது இந்த மூன்றும் இல்லை. ஞாயிறு காலை, மழையில் காரை ஓட்டிக்கொண்டே நெட்டா சொன்னாள்:

"பையை மாத்திட்டேன்."

"என்ன?"

"நீலத்துல அப்பா கோப்பை. சிவப்புல பழசு. எது எங்க இருக்கணுமோ அங்க இருக்கு. வில்மா இன்னிக்குத்தான் முதல்தடவை அப்பா கோப்பையில குடிக்கப் போறா. அவளுக்கே தெரியாம. நாளைக்கு வண்டி சரியானதைத்தான் ஏத்தும். யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. கதைக்காரியைவிடக் கதாபாத்திரம் கெட்டிக்காரியாக இருந்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"அழகான முடிவு" என்றேன்.

"முடிவா? இன்னும் ஆராதனையே ஆரம்பிக்கல."

7

நான் மாடத்தில், திருவிருந்து எடுக்காதவர்களின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து தலைகளும் தொப்பிகளும்தான் தெரியும். ஆகவே இனி நெட்டாவின் கண்ணால் எழுதுகிறேன். சிலவற்றை அவள் சொன்னாள். சிலவற்றை நானே போட்டுக்கொண்டேன். எது எது என்று சொல்லப்போவதில்லை.

நெட்டா நடுப்பாதையைத் தாண்டினாள். தெற்கில் யாரோ இருமினார்கள். வடக்கில் வில்மா பெஞ்சிலிருந்த தன் கறுப்புக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நெட்டா உட்கார்ந்தாள்.

"ஈரமா வந்திருக்க" என்றாள் வில்மா. வரவேற்பு அவ்வளவுதான்.

சூடேற்றி வேலை செய்யவில்லை. எல்லார் வாயிலும் புகை. பெஞ்சுகளின் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ரொட்டி போயிற்று. பிறகு இரண்டு கோப்பைகளும் கிளம்பின, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. கோப்பை நகரும்போது பிட்காரியில் யாரும் பேசுவதில்லை. வாங்குவார்கள், குடிப்பார்கள், துணியால் விளிம்பைத் துடைத்து அடுத்தவர் கையில் கொடுப்பார்கள்.

நெட்டா பெஞ்சின் கடைசியில் இருந்தாள். கோப்பை அந்த முனையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கைகளைப் பார்த்தாள்.

முதலில் வாங்கியவர் கால்நடை மருத்துவர். இரண்டு கையாலும் பிடித்தார். வலது கட்டைவிரல் கோப்பையின் வயிற்றில், நசுங்கலுக்குக் கொஞ்சம் மேலே அழுந்தியது; உள்ளங்கைகள் அதன் இரு பக்கத்தையும் மூடின. குடித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.

அடுத்தது தபால்காரரின் மனைவி. கட்டைவிரல், அதே இடம்.

அடுத்தது பள்ளி ஆசிரியர். அதே இடம். கொடுப்பதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை தேய்த்தும் விட்டார், அழுக்கு ஏதோ இருப்பதுபோல.

நெட்டாவுக்கு முந்தைய நாள் பார்த்த முட்டை வடிவ வழுவழுப்பு ஞாபகம் வந்தது. துலக்கித் தேய்ந்தால் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். அது துலக்கித் தேய்ந்தது அல்ல.

நீலப் பையில் இத்தனை நாள் இருந்தது பழைய கோப்பை என்று அவர்களுக்குத் தெரியும். அக்டோபர் குளிரில், குடிக்கிறவன் மூச்சு பட்டதும் எழுத்து எழும்பி வந்திருக்கும். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்து, அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதே என்று விரலை வைத்திருக்கிறார்கள். அவர்கள் அப்பாக்களும் வைத்திருக்கிறார்கள். அவள் அப்பாவும்—

(இந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லி நெட்டாவிடம் கேட்டேன். "அதை விட்டுடு" என்றாள்.)

கோப்பை வில்மாவிடம் வந்தது. வில்மாவின் கட்டைவிரல் பார்க்காமலேயே அந்த இடத்துக்குப் போயிற்று. குடித்தாள். துடைக்கத் துணியை எடுத்தபோது நின்றாள். விரலை எடுத்து, அந்த இடத்தைப் பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கோப்பையை முகத்தருகே கொண்டுபோய், ஜெபம் சொல்லுகிறவள்போல, மெதுவாக ஊதினாள்.

வெறும் பனி.

வில்மா திரும்பினாள். தங்கையின் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டாள். வில்மாவின் ரகசியம் மாடத்திலிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

"எங்கடி அது?"

வடக்குப் பக்கம் முழுவதும் தன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது. போதகர் கெய்ர் தலையைத் தூக்கி, ஆவியானவர் இறங்கினாரா என்பதுபோலப் பார்த்தார்.

நெட்டா உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "உனக்குத் தெரியுமா?"

"பன்னெண்டு வயசுலேருந்து தெரியும். எதுக்கு ஓட்டுப் போட்டேன்னு நினைச்ச? அவங்க பையில இருக்கிற நகலை ஏத்தி அனுப்பிட்டா, பழசு இங்க நின்னுடும். வாயில படற இடத்துல. நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

"சரி பண்ணினேன்."

"யார் கேட்டா?"

நெட்டா பாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வில்மாவும் பார்த்தாள்.

தெற்கில் கோப்பை ஆர்ச்சி மட்ச்சின் கையில் இருந்தது. அவர் குடித்து முடித்திருந்தார். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. கோப்பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கி மரத்துப்போன பெரிய விரல்களால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் ஊதினார். அதற்கடுத்தவள் எட்டிப் பார்த்தாள். ஒரு பெஞ்சு முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, குளிரில் கன்றுக்குட்டிகள்போல ஊதிக்கொண்டிருந்தார்கள். தேய்ந்துபோனதாகத் தங்கள் தாத்தாக்கள் சொன்ன எழுத்து, கடைசி நாளில் அவர்களுக்குத் திரும்பி வந்திருந்தது.

ஆர்ச்சி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"முட்டாள், அழறான்" என்றாள் வில்மா.

கோப்பை இன்னும் அவள் கையில் இருந்தது. அதைத் துடைத்தாள். தங்கையின் இரண்டு கைகளுக்குள் வைத்தாள். உடனே விடவில்லை.

"குடி. ஆறிடும்" என்றாள். திராட்சரசம் எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

நெட்டா குடித்தாள்.

8

ஆராதனை முடிந்தது. உடைமாற்றும் அறையில் ஒரு மேசை. அதன்மேல் கழுவித் துடைத்த இரண்டு கோப்பைகள், ஒரே உயரம், ஒரே நசுங்கல். பக்கத்தில் காலியாக ஒரு சிவப்புப் பை, ஒரு நீலப் பை. கழுவியவர் போதகர் கெய்ர். உதவி செய்ய வேண்டும் என்ற ஆசையில் இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவியிருந்தார்.

வாசலில் ஆர்ச்சி மட்ச்சும் அவர் பெஞ்சும் நின்றார்கள். "நாளைக்கு வண்டி வரட்டும், நாங்க குறுக்க படுக்கறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஆர்ச்சி. வடக்கத்திக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். வழக்கமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்புகிறவர்கள் அவர்கள். யாரும் கிளம்பவில்லை.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நெட்டா உண்மையைச் சொன்னால் ஆர்ச்சிக்குக் கிடைத்த அதிசயம் ஓர் எளிய பைமாற்றம் ஆகிவிடும், வில்மாவின் பெஞ்சு முழுவதும் விரலை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். சொல்லாவிட்டால் நாளை பழைய கோப்பை கண்ணாடிக்குள் போகும், அக்கா அதை மன்னிப்பாளா என்பது வசந்தத்தில்தான் தெரியும். பையை மறுபடி மாற்றினால் எதையும் சொல்லாமலே பழையது இங்கே நிற்கும், அருங்காட்சியகத்துப் பெண் ஊதும்வரை. நாலாவது வழி ஒன்று இருக்கலாம். எனக்குப் புலப்படவில்லை. உங்களுக்குப் புலப்படலாம், நீங்கள் யார் பக்கத்துப் பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை.

போதகர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பைகளையும் வாய் திறந்து பிடித்தார்.

"நெட்டா," என்றார், "எது எந்தப் பைக்குப் போகணும்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நெட்டாவின் சட்டைக் கையை வில்மா இறுக்கிப் பிடித்திருந்தாள். சொல்லு என்று பிடித்தாளா, சொல்லாதே என்று பிடித்தாளா என்று நெட்டாவுக்குத் தெரியவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு பிடித்த பிடி அது. விடுவித்துக்கொள்ள அவளுக்கு மனமும் இல்லை.

ஆகவே கோப்பைகளை எடுக்க அவளுக்கு ஒரு கைதான் இருக்கிறது. போதகர் காத்திருக்கிறார். மேசைக்கு மிக அருகில் நிற்பவர் நீங்கள். நெட்டாவுக்கு முன்னால் நகர்ந்து, ஒரு கோப்பையை எடுங்கள்.